பட்டறையில் லைசென்ஸ் ராஜ்

லைசென்ஸ் ராஜ் 1991-ல் செத்துப்போனது என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்கின்றன. எழுதியவர்கள் கார் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை போலும். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்' என்று ராஜாஜி திட்டித் தீர்த்தாரே, அதை எதிர்க்க 1959-ல் சுதந்திராக் கட்சியே ஆரம்பித்தாரே, அந்த ராஜ்ஜியம் டெல்லியைக் காலி செய்துகொண்டு வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. அவ்வளவுதான். புதிய விலாசம்: கிரீஸ் படிந்த ஒரு பழைய லேப்டாப்பும், அதன் விலாவில் செருகிய கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டும். அந்தத் துண்டின் பெயர் டாங்கிள். உத்தியோகம்: மகாராஜா.

பழைய ராஜ்ஜியத்தில் லைசென்ஸ் கொடுக்க ஒரு குமாஸ்தாவாவது இருந்தார். மேசைக்கு அடியில் கை நீளும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் காரியம் நடக்கும். புதிய மகாராஜாவுக்குக் கையும் இல்லை, காதும் இல்லை. காலில் விழலாம் என்றால் காலும் இல்லை. லஞ்சம் வாங்கக்கூடத் துப்பில்லாத அதிகாரத்திடம் மாட்டிக்கொண்டால் மனிதன் என்னதான் செய்வான்?

நடப்பது இதுதான். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஒரு காமன் ரெயில் டீசல் கார் பட்டறைக்கு வருகிறது. இன்ஜெக்டர் போய்விட்டது. புதிது போட்டாயிற்று. இத்தகைய பல வண்டிகளில் இன்ஜெக்டரின் தலையில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதை எஞ்சினை ஆளும் இ.சி.எம். பெட்டிக்குள் எழுதினால்தான் டீசல் அளவு சரியாகப் போகும். எழுதாவிட்டால் எஞ்சின் நடுங்கும், புகை தள்ளும். எழுதுவதற்கான மென்பொருளை மெக்கானிக் முன்பே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். திறக்கிறார். 'கீ நாட் ஃபவுண்ட்' என்கிறது திரை. சாவி செருகித்தான் இருக்கிறது.

வண்டியில் கோளாறு இல்லை. இன்ஜெக்டரில் கோளாறு இல்லை. மெக்கானிக்கின் கையில் கோளாறு இல்லை. கோளாறு கண்டுபிடிக்க வாங்கிய சாதனத்தில்தான் கோளாறு. அதிலும் அதன் வேலை செய்யும் பகுதி நன்றாகவே இருக்கிறது. வேலை செய்யவிடாத பகுதிதான் பழுதாகிவிட்டது!

இந்த ஏற்பாட்டின் தத்துவம் எளிமையானது: வாங்குகிறவன் திருடன். இன்னும் திருடவில்லை என்றால் நாளை திருடுவான். ஆகவே அவன் ஒவ்வொரு முறை மென்பொருளைத் திறக்கும்போதும் தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று டாங்கிள், அதற்குள் இருக்கும் ரகசிய எண்ணை மென்பொருள் கேட்டுக் கேட்டுச் சரிபார்க்கும். இன்னொன்று கைரேகை, கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் எண், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி, மதர்போர்டு எண் எல்லாவற்றையும் கூட்டி அங்க அடையாளம் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த அங்கங்களில் ஒன்று மாறினாலும், 'யார் நீ?' என்று கேட்கும்.

இந்த ராஜ்ஜியத்தின் தண்டனைச் சட்டத்தை யாரும் தமிழில் அச்சிட்டுத் தரவில்லை. பொதுநலன் கருதி, பரிகாரங்களோடு இங்கே வெளியிடப்படுகிறது.

பிரிவு 1: சாவி வைத்திருந்தும் இல்லாதவனாக இருத்தல். ஹாஸ்ப் வகை டாங்கிளில் இதன் எண் எச்0007. பாதி நேரம் சாவி உயிரோடுதான் இருக்கும்; அதை அறிமுகப்படுத்தும் டிரைவர் செத்திருக்கும், அல்லது மலிவான யு.எஸ்.பி. ஹப்பில் மின்சாரம் போதாமல் சாவி மயங்கியிருக்கும். பரிகாரம்: ஹப்பைத் தவிர்த்து லேப்டாப்பின் சொந்தத் துளையில் செருகவும். யு.எஸ்.பி.க்கு மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பை அணைக்கவும். டாங்கிளைக் கழற்றிவிட்டுப் பழைய டிரைவரை முழுக்க நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, சரியான டிரைவரை ஏற்றிய பிறகு செருகவும். டாங்கிளின் சின்ன விளக்கு எரிந்தால் மகாராஜா கண் விழித்துவிட்டார் என்று பொருள்.

பிரிவு 2: 1947-ஆம் எண் கதவைச் சாத்துதல். பிழை எச்0033. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து லைசென்ஸை மேற்பார்க்கும் அதிகாரிக்கு ஒதுக்கிய போர்ட் எண் 1947. நாடு சுதந்திரம் வாங்கிய அதே எண்ணில்தான் மெக்கானிக் கைகட்டி நிற்க வேண்டும். ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ அந்தக் கதவை அடைத்திருந்தால் அதிகாரி தரிசனம் தரமாட்டார். பரிகாரம்: விண்டோஸ் சர்வீஸ் பட்டியலில் லைசென்ஸ் மேனேஜர் ஓடுகிறதா என்று பார்க்கவும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 1947 போடவும். சாவிப் பட்டியல் வந்தால் அதிகாரி இருக்கையில் இருக்கிறார்.

பிரிவு 3: முன்னேறுதல். விண்டோஸைப் புதுப்பித்தவருக்கு இந்தத் தண்டனை. 32-பிட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. ஏறக்கூடியதும் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இல்லாமல் நுழையாது. விண்டோஸ் 11-ல் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு காவலாளி வேறு. சில பழைய டாங்கிள் டிரைவர்களைப் பார்த்தாலே விரட்டுவார். பரிகாரம்: பூட்டு செய்த கம்பெனியின் புதிய டிரைவர் பழைய யு.எஸ்.பி. சாவியை அடையாளம் காண்கிறதா என்று முதலில் பார்க்கவும். இல்லையென்றால் விண்டோஸ் எக்ஸ்பியிலேயே குடியிருக்கவும். 8 ஏப்ரல் 2014-ல் மைக்ரோசாஃப்ட் கைகழுவிய எக்ஸ்பியை இணையத்தோடு சேர்க்காதே என்று பாதுகாப்பு நிபுணர் சொல்வார். அதை விட்டு வெளியே வராதே என்று டாங்கிள் சொல்லும். இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டே வண்டியை டெலிவரி கொடுக்கவும்.

பிரிவு 4: ஹார்டு டிஸ்க் மாற்றுதல். கிழட்டு டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டவர் இந்த ராஜ்ஜியத்தில் ஆள்மாறாட்டக்காரர். சில மென்பொருள்கள் ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் கொடுக்கும் வால்யூம் எண்ணைப் பார்க்கும். சில, டிஸ்க் கம்பெனி உள்ளே எழுதிய எண்ணைப் பார்க்கும். முதல் வகை என்றால், டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்தால் தப்பிக்கலாம். இரண்டாம் வகையில் தப்பிக்க முடியாது. பரிகாரம்: டிஸ்க் சாகும் முன்பே, பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை விடுவிக்கும் வசதி இருந்தால் விடுவிக்கவும். டிஸ்க் எப்போது சாகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு.

பிரிவு 5: நாணய பாட்டரி தீர்ந்துபோதல். மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு வட்ட பாட்டரி இருக்கும். டீக்கடையில் நாலு பேருக்கு டீயும் வடையும் வாங்கும் காசுதான் அதன் விலை. அது தீர்ந்தால் கம்ப்யூட்டரின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். 'தேதியைத் திருத்தி என்னை ஏமாற்றப் பார்க்கிறான்' என்று முடிவு கட்டி, ஆயிரக்கணக்கில் காசு வாங்கிய லைசென்ஸ் கதவைச் சாத்திக்கொள்ளும். பரிகாரம்: மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பாட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்யவும். தவறான தேதியில் ஒருமுறை திறந்துவிட்டால், தேதியைத் திருத்தினாலும் சில மென்பொருள்கள் மன்னிப்பதில்லை.

பிரிவு 6: வைஃபையை அணைத்தல். கைரேகையில் வைஃபை கார்டின் மேக் முகவரியும் சேர்ந்திருந்தால், அதை அணைத்த நாளில் நீங்கள் வேறு ஆள். பரிகாரம்: அணைத்ததை ஆன் செய்யவும். கார்டு எரிந்துபோயிருந்தால் பிரிவு 4-ன் கீழ் அழவும்.

பிரிவு 7: பேரலல் போர்ட் இல்லாத காலத்தில் வாழ்தல். மிகப் பழைய டாங்கிள்கள் பிரின்டருக்கான 25-பின் துளையில் செருகுபவை. இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. கடையில் விற்கும் யு.எஸ்.பி. மாற்றுக் கேபிள் பிரின்டருக்குத்தான் உதவும். டாங்கிள் பேசும் பாஷை அதற்குத் தெரியாது. பரிகாரம்: உண்மையான பேரலல் போர்ட் உள்ள கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து, அது நீடூழி வாழ வேண்டிக்கொள்ளவும்.

ஏழு பிரிவையும் தாண்டியும் கதவு திறக்கவில்லை என்றால் கடைசிப் படி, வாடிக்கையாளர் சேவை மையம். அங்கே நடக்கும் உரையாடலுக்கு ஊருக்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

"வணக்கம் சார், சொல்லுங்க சார்."

"சாப்ட்வேர் ஓப்பன் ஆகல தம்பி. டாங்கிள் உடைஞ்சு போச்சு. மாத்திக் குடுங்க, காசு தந்துடறேன்."

"உங்க ப்ராடக்டோட லைஃப் முடிஞ்சுடுச்சு சார்."

"வண்டிக்கு முடியலியே தம்பி. வாசல்ல நிக்குது."

"புது வெர்ஷன் இருக்கு சார். வருஷ சந்தா."

"அதுல இந்தப் பழைய வண்டி வருமா?"

"அந்த மாடல் எல்லாம் எடுத்துட்டாங்க சார்."

"அப்ப பழைய சாப்ட்வேரையே பூட்டு இல்லாம குடுங்களேன். நீங்கதான் அதை விக்கறதே இல்லியே."

"அது பாலிசி இல்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

'வேற' என்ற சொல்லில் இருக்கும் துணிச்சலுக்குத் தனியாக ஒரு விருது கொடுக்க வேண்டும்.

சரி, கம்பெனி கைவிட்டது. பூட்டு செய்தவனையாவது பிடிக்கலாம் என்று கிளம்பினால் அது ஒரு வம்சாவளி ஆராய்ச்சி. சென்டினல் என்ற டாங்கிளைச் செய்தது அமெரிக்காவின் ரெயின்போ டெக்னாலஜீஸ். ஹாஸ்ப் டாங்கிளைச் செய்தது இஸ்ரேலின் அலாடின். விளக்கைத் தேய்த்தால் பூதம் வந்த அலாவுதீன் வேறு. இங்கே தேய்த்தால் டிரைவர் கேட்கும். ரெயின்போவை 2004-ல் சேஃப்நெட் விழுங்கியது. அலாடின் 2009-ல் அதே சேஃப்நெட்டின் கைக்குள் போனது. 2015-ல் சேஃப்நெட்டை ஜெமால்டோ விழுங்கியது. 2019-ல் ஜெமால்டோவை பிரான்சின் தாலஸ் விழுங்கியது. வானவில்லும் அலாவுதீனும் இன்று ஒரே வயிற்றில். இதற்கிடையில் அந்தப் பூட்டை வாங்கித் தன் மென்பொருளில் மாட்டிய கம்பெனியும் யாருக்கோ விற்கப்பட்டிருக்கும், அல்லது ஷட்டரை இறக்கியிருக்கும். எல்லாச் சொத்தும் கை மாறியது. மெக்கானிக்குக்குக் கொடுத்த வாக்கு மட்டும் யார் கைக்கும் மாறவில்லை.

ஓய்வூதியக்காரர் வருடத்துக்கு ஒருமுறை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று கருவூலத்தில் சான்று கொடுக்க வேண்டும். தள்ளாத வயதில் அதுவே கொடுமைதான். ஆனால் அங்கே கருவூலம் என்று ஒன்று இருக்கிறது. இங்கே கருவூலம் செத்து, கட்டடம் கை மாறி, குமாஸ்தாக்கள் கலைந்து போய்விட்டார்கள். ஆக்டிவேஷன் சர்வரின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. உயிர்ச்சான்று கேட்கும் உத்தரவு மட்டும் அமலில் இருக்கிறது.

கார் கம்பெனிகளின் நிலையான வாசத்தையும் பார்த்தவர்கள்தானே நாம்? செவர்லே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ஓடு இந்திய விற்பனையை முடித்துக்கொண்டது. ஃபோர்டு 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையின் தொழிலாளர்களைக் கேட்டால் அந்த நாட்களைச் சொல்வார்கள். கம்பெனி போனது, கார்கள் போகவில்லை. ஃபிகோவும் ஐகானும் பீட்டும் இன்னும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டி வைத்திருப்பது தெருமுனைப் பட்டறை. அந்தப் பட்டறையின் கழுத்தில்தான் டாங்கிளைக் கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் திருட்டைத் தடுக்க என்கிறார்களே, திருடன் எப்படி இருக்கிறான்? சௌக்கியமாக இருக்கிறான். பூட்டைக் கழற்றிய பதிப்பு பென் டிரைவில் ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதற்கு டாங்கிள் வேண்டாம், டிரைவர் வேண்டாம், 1947-ஆம் எண் கதவு வேண்டாம். ஹார்டு டிஸ்க் மாறினாலும் பாட்டரி தீர்ந்தாலும் சிரித்துக்கொண்டே திறக்கும். இலவச இணைப்பாக ஒரு வைரஸும் வரும். அது வேறு விஷயம். பில் போட்டு, வரி கட்டி, அசல் வாங்கியவர்தான் கட்டைவிரல் அளவுப் பிளாஸ்டிக்கின் முன்னால் கைகட்டி நிற்கிறார். நேர்மைக்கு அபராதமும் திருட்டுக்கு வசதியும் செய்து தரும் ஒரு பூட்டை உலகத்தின் மூளைகள் எல்லாம் கூடி, பல பத்தாண்டு உழைத்து, மேம்படுத்திக்கொண்டே போயிருக்கின்றன!

இது பைத்தியக்காரத்தனம் என்று அமெரிக்கச் சட்டத்துக்கே ஒரு காலத்தில் புரிந்தது. டிஜிட்டல் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கிய 1998-ஆம் வருடச் சட்டத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்குப் பட்டியல் போடுவார்கள். 2003, 2006, 2010 பட்டியல்களில், டாங்கிள் பழுதாகி, அதற்கு மாற்றும் கிடைக்காத நிலையில் பூட்டைத் தாண்டிப் போகலாம் என்று ஒரு வரி இருந்தது. 2012 பட்டியலில் அந்த வரி இல்லை. டாங்கிள்கள் எல்லாம் கிழடாகி உதிரத் தொடங்கும் வயதில் அந்தக் கருணை காணாமல் போனது. 2015-ல் வண்டிகளுக்குள் இருக்கும் மென்பொருளுக்கு விதிவிலக்குக் கேட்டபோது டிராக்டர் கம்பெனியான ஜான் டியர் சொன்ன வாதம் சாகாவரம் பெற்றது: வண்டியின் ஆயுள் முழுக்க அதை ஓட்டிக்கொள்ள வாங்கியவருக்கு மறைமுக உரிமம் இருக்கிறதாம். டிராக்டரை முழு விலை கொடுத்து வாங்கிய விவசாயி, அதை ஓட்ட அனுமதி பெற்றவர் மட்டுமாம். அந்த வருடம் விதிவிலக்கு கிடைத்தது. ஆனால் டியரின் வாய் அடங்கவில்லை. பழுதுபார்ப்பு விவகாரத்திலேயே 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதன் மேல் வழக்குப் போட்டது.

போலந்தில் இன்னும் ஒரு படி மேல். நெவாக் கம்பெனியின் ரயில்கள் வேறு பட்டறைக்குப் பராமரிப்புக்குப் போனதும் கிளம்ப மறுத்தன. ரயிலின் மென்பொருளைக் குடைந்து பார்த்த டிராகன் செக்டர் என்ற குழு, போட்டிப் பட்டறைகளின் ஜி.பி.எஸ். இருப்பிடங்களே உள்ளே எழுதப்பட்டிருந்ததாக 2023 டிசம்பரில் அறிவித்தது. கம்பெனி மறுத்தது, பூட்டைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் மேல் வழக்கும் போட்டது. வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது என்று சொன்னவனுக்குத்தான் அடி.

நம் ஊர்ச் சட்டம் அவ்வளவு மோசமில்லை, அதுதான் வேடிக்கை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் தாண்டுவதைத்தான் குற்றம் என்கிறது. மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தாளில் அனுமதி இருக்கிறது. கையில் டாங்கிள் இருக்கிறது. எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டறைக்காரர்களுக்காக டெல்லியில் ஒரு பெரிய தீர்ப்பும் வந்தது. 25 ஆகஸ்ட் 2014. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-ல் கொண்டுபோன புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றம். அறிவுசார் சொத்து என்ற முகமூடியையும் ஆணையம் ஏற்கவில்லை. கை தட்டினோம். கம்பெனிகள் கையைத் தட்டவில்லை. வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டின. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு படியேறியது. ஆணையம் அபராதம் போட்ட வருடம் ஷோரூமிலிருந்து வந்த கார், பத்து வயதைத் தாண்டி, தீர்ப்பில் சொன்ன அதே கருவி கிடைக்காமல் பட்டறை வாசலில் நிற்கிறது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று ஒரு இணையதளமும் திறந்தது. சட்டம் செய்ய வேண்டிய இடத்தில் இணையதளம் செய்வது நம் நிர்வாகத்தின் தனிக் கலை. ஐரோப்பாவில், கார் கம்பெனி வைத்த பதிவு, லாகின் நிபந்தனைகளால் வெளிப் பட்டறைகளை, வண்டியின் கோளாறு படிக்கும் ஓ.பி.டி. துளையிலிருந்து விலக்கிவைக்க முடியாது என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் 5 அக்டோபர் 2023-ல் தீர்ப்பளித்தது. அங்கே அதற்கு ஆதாரமாக ஒரு சட்டம் இருந்தது. இங்கே 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு பொத்தான் இருக்கிறது.

கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பூட்டோடு மென்பொருள் விற்கிறவர், ஆதரவை நிறுத்தும் நாளில் பூட்டில்லாத பதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கம்பெனி திடீரென்று மூடினாலும் அது கிடைக்க, விற்கும்போதே திறவுகோலை ஒரு பொது அமைப்பிடம் டெபாசிட் செய்ய வேண்டும். எத்தனை வருடம் திறக்கும் என்று பெட்டியின் மேல் தமிழில், படிக்கிற அளவு எழுத்தில், அச்சடிக்க வேண்டும். வாங்கியவர் தன் சாதனத்தைத் தானே திறந்துகொள்வது குற்றமல்ல என்று 65ஏ பிரிவில் ஒரு வரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல், சேர வேண்டும்.

இவற்றில் ஒன்றும் முடியாது என்றால் குறைந்தபட்சம் பில்லில் பொய் எழுதுவதையாவது நிறுத்துங்கள். 'விற்பனை' என்ற சொல்லை அடித்துவிட்டு 'வாடகை' என்று போடுங்கள். வாடகை என்று ஆனபின், காலி செய்யச் சொல்லும் நாளில் மெக்கானிக் கொடுத்த அட்வான்ஸை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு பூட்டிக்கொள்ளுங்கள்.